பிளாரன்ஸ் டீச்சரின் குரல்

தூத்துக்குடி
20 நவம்பர் 1974

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் உங்கள் கப்பலும் ஆண்டவர் கையில் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் ரயிலடிக்கு வராததற்குக் காரணம் தலைவலி என்று என் தம்பி சிலுவை உங்களிடம் சொன்னானாம். நல்லவன், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். கோபத்தில்தான் வரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன் என்று மாதா கோயில் வாசலில் நின்று சொன்னவர் நீங்கள். பம்பாயிலிருந்து ஒரு தந்தி வந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டீர்கள். கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்த கிறிஸ்துமஸை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும். போகட்டும்.

இந்த வருஷம் இரண்டாம் வகுப்பில் பெஞ்சு கொள்ளாத பிள்ளைகள். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். "இது வகுப்பா, கச்சேரியா?" என்று தலைமையாசிரியை மதர் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் ஒரு ராகத்திலும் அடங்கவில்லை. கடைசியில் இழவு வீட்டு ராகத்தைப் போட்டுப் பார்த்தேன், சட்டென்று ஒட்டிக்கொண்டது. இப்போது வகுப்பே ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒப்பாரி வைக்கிறது.

கோயிலில் பாலன் பிறப்புப் பாட்டுகளுக்குப் பழக்கம் தொடங்கிவிட்டோம். இசபெல்லா என்று புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். நல்ல குரல், தைரியம்தான் கிடையாது. கூட்டத்தைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்கிறது.

எனக்குத் தொண்டை கொஞ்சம் கம்மல். ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்குப் பாடியதிலிருந்து தெளியவில்லை. மிளகும் பனங்கற்கண்டும் வாயிலேயே கிடக்கிறது. டாக்டர் கிருபாநிதி சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "மதராசுல ஒருவாட்டி காட்டிட்டு வந்திருங்கம்மா" என்றார். சளிக்கு மதராசா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிளாரன்ஸ்

*

மொம்பாசா
4 ஜனவரி 1975

ஏளா பிளாரன்ஸ்,

உன் கடிதம் பம்பாய் ஆபீசுக்குப் போய், அங்கே தூங்கி, இங்கே வந்து சேர்ந்தது. ரயிலடிக்கு நீ வராதது எனக்கும் கோபம்தான். ரயில் மணியாச்சி தாண்டும் வரை ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே வந்தேன், ஏதோ நீ ஓடிவந்து ஏறிவிடுவாய் என்பது போல.

கிறிஸ்துமஸ் அன்று கடலில் இருந்தோம். கப்பலில் சமைக்கிற பண்டாரி கோழி என்று சொல்லி எதையோ போட்டான். அன்றைக்குச் சுக்கான் பிடிக்கிற முறை எனக்கு. உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். செகண்ட் ஆபீசர் பஞ்சாபி, என்ன பாட்டு என்று கேட்டான். என் வீட்டுக்காரி பாடுவது என்றேன். திரும்பப் பாடச் சொன்னான். நான் பாடினால் கப்பல் திசை மாறிவிடும் சார் என்றேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை தெரியுமா? அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசையில் நீ பாடியதைக் கேட்டு அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். நான் கட்டியது குரலை. ஆள் கூட வந்தது. சிரி.

தொண்டைக்கு வெந்நீர் குடி. பிள்ளைகளைப் பார்த்துக் கத்தாதே. இங்கிருந்து ஐரோப்பா போகிறோம். சூயஸ் இன்னும் மூடிக் கிடக்கிறதால் ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டும். அடுத்த கடிதத்தை ராட்டர்டாம் ஏஜெண்டு விலாசத்துக்குப் போடு.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
6 பிப்ரவரி 1975

அன்புள்ள அத்தானுக்கு,

சிரிக்கச் சொன்னீர்கள், சிரித்தேன்.

பொங்கல் லீவில் சிலுவையைக் கூட்டிக்கொண்டு மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். குரல் நரம்பில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருக்கிறதாம். பயப்படும்படி ஒன்றும் இல்லை. சில வாரம் அங்கேயே தங்கிக் கரண்ட், அதுதான் எக்ஸ்ரே மாதிரி ஒரு கதிர், வைத்துக்கொண்டால் கரைந்துவிடும் என்கிறார்கள். ஈஸ்டர் முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உடனே வாருங்கள் என்றுதான் அவர்கள் சொன்னார்கள், ஆனால் டாக்டர்கள் எப்போதும் அப்படித்தானே சொல்வார்கள்.

ஏன் தள்ளிப்போட்டேன் என்று கேட்பீர்கள். பெரிய வெள்ளி வருகிறது. மாதாவின் புலம்பலைப் பாட வேறு ஆள் இல்லை. இசபெல்லாவைப் பழக்கிப் பார்த்தேன், பாதியில் நடுங்கிவிடுகிறாள். மார்ச்சில் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். இப்போது நீண்ட லீவு போட்டால் மதர் என் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் வைத்தால் குரல் மாறிவிடுமா என்று கேட்டேன். கரகரப்பாகலாம், பழைய மாதிரி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். இருக்கிற குரலில் ஒரு பெரிய வெள்ளி பாடிவிட்டுப் போகிறேனே. நீங்கள் கட்டிய பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா?

வகுப்பில் நான் இப்போது மெதுவாகத்தான் பேசுகிறேன். விசித்திரம் என்னவென்றால் பிள்ளைகளும் மெதுவாகப் பேசுகிறார்கள். கவலைப்படாதீர்கள்.

பிளாரன்ஸ்

*

ராட்டர்டாம்
17 மார்ச் 1975

பிளாரன்ஸ்,

உன் கடிதமும் சிலுவையின் கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. உன்னுடையதை முதலில் படித்தேன். அவனுடையதைப் பிறகு படித்தேன். அவன் எழுதியதை அப்படியே எழுதுகிறேன், பார்.

"அத்தான், அக்கா உங்களுக்கு முழுசா எழுதியிருக்க மாட்டா. அது சும்மா கட்டி இல்ல, கேன்சரு. அக்காவுக்கும் தெரியும், நான் பக்கத்துலதான் நின்னேன். இப்பவே வந்தா கொணமாகும்னு டாக்டர் சொல்லுதாரு. இவ பாடணும்னு சொல்லுதா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க சொல்லுங்க."

சின்னதாக ஒரு வளர்ச்சி! பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிற டீச்சர் நீ.

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நீ பாடாவிட்டால் பெரிய வெள்ளி வராதா? சேசு சிலுவையிலேயே இருந்துவிடுவாரா? உன் வகுப்பை எவளோ எடுத்துக்கொண்டு போகட்டும். மதரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் கிளம்பு. பெட்டி கட்டாதே, அப்படியே கிளம்பு.

காப்டனிடம் போய் நின்றேன். ஊருக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "மாற்று ஆள் இல்லை, பம்பாய் போய்த்தான் இறங்க முடியும்" என்று சொல்லிவிட்டான். பஸ்ஸாக இருந்தால் மணி அடித்து இறங்கிக்கொள்ளலாம். சிமெண்டு ஏற்றிக்கொண்டு நைஜீரியா போகிறோம், லாகோஸ் துறைமுகம்.

நான் குரலைக் கட்டினேன் என்று எழுதியது விளையாட்டுக்கு. அதையா பிடித்துக்கொண்டாய்?

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
14 ஏப்ரல் 1975

அத்தான்,

உங்கள் கடிதம் பெரிய வாரம் முடிந்த பிறகுதான் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் பாடியிருப்பேன். இனிமேல் உங்களிடம் எதையும் குறைத்து எழுதப் போவதில்லை.

பெரிய வெள்ளி சாயங்காலம் கோயில் நிறைந்து வெளியே மணலிலும் ஜனம். சேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதாவின் மடியில் வைத்தார்கள். நான் தொடங்கினேன். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி கரகரப்போடு வந்தது. மூன்றாவது அடியில் "மகனே" என்ற சொல்லில் மேலே ஏற வேண்டும். வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை திறந்தேன். அதுவும் இல்லை. இசபெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பாட்டுத் தெரியும், பயத்தில் விழித்தாளே தவிர வாய் திறக்கவில்லை. நான் ஹார்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பிறகு முன்வரிசையில் ஒருத்தி விம்மினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க ஓலம், ஆண்கள் கூட அழுதார்கள். நான் துக்கம் தாங்காமல் பாட்டை நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்! வெளியே வரும்போது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமா அழுதீய டீச்சர்! எங்க நெஞ்சே வெடிச்சிட்டு. இந்த வருசம் மாரி என்னைக்குமே பாடுனதில்ல" என்றார்கள்.

நான் அழவே இல்லை, அத்தான். என் குரல் செத்ததற்கு ஊரே அழுதது. எதற்கு அழுதோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

மறுவாரம் சிலுவை என்னை மதராசுக்கு இழுத்துக்கொண்டு போனான். கரண்டுக்கு நேரம் தாண்டிவிட்டதாம். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துவாரம் போட்டு அதன் வழியாக மூச்சுவிட வைப்பார்கள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, சிரித்தால் கூடச் சத்தம் கிடையாது. எடுக்காவிட்டால் இந்த வருஷம் தாண்டுவது சந்தேகம்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பேசாத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? பாடாதவளைக் கோயிலில் எங்கே உட்கார வைப்பார்கள்? நமக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு இருந்தது வகுப்பும் பாட்டும்தான். நீங்கள் விளையாட்டுக்கு எழுதினீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைத்தானே விளையாட்டாக எழுதினீர்கள்? அந்தக் குரலை அறுத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது கூட வந்த ஆள். அந்த ஆளைக் கழுத்தில் ஓட்டையோடு பார்க்க வேண்டும்.

என்னை இப்படியே போக விடுங்கள். சிலுவைக்கும் அப்படியே எழுதிவிடுங்கள், அவன் தினமும் வந்து அழுகிறான்.

பிளாரன்ஸ்

*

லாகோஸ், கரைக்கு வெளியே
22 மே 1975

பிளாரன்ஸ்,

ரேடியோ ஆபீசர் காலைப் பிடித்து உனக்குத் தந்தி அனுப்ப வைத்திருக்கிறேன். அது முதலில் கிடைக்கும். அதில் இரண்டே வார்த்தைதான். அறுக்கச் சொல். இது மீதி.

நாங்கள் நங்கூரம் போட்டு நிற்கிறோம். துறைமுகத்தில் இடம் இல்லை. எங்களைப் போல சிமெண்டு ஏற்றி வந்த கப்பல்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை கட்டி நிற்கின்றன. கரை தெரிகிறது, கரையில் போகிற லாரி தெரிகிறது, இறங்க முடியாது. எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டால் காப்டன் சிரிக்கிறான். உன் கடிதம் ஏஜெண்டின் படகில் வந்தது. படித்துவிட்டு மேல்தளத்தில் சுற்றிச் சுற்றி நடந்தேன். வேறு எங்கே போவேன்?

பொன்னுதுரை என்று குளச்சல் பக்கத்து ஆள் ஒருவன் கூட வேலை பார்த்தான். போன வாரம் சரக்கு அறைக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி விழுந்து செத்துப்போனான். தமிழ் தெரிந்தவன் நான்தான் என்று அவன் பெட்டியை அடுக்க என்னைச் சொன்னார்கள். சட்டை, கைலி, பாதி தேய்ந்த சோப்பு, மகளுக்கு வாங்கின பிளாஸ்டிக் வளையல். எல்லாவற்றையும் மடித்து வைத்தேன். அந்தப் பெட்டி ஊருக்குப் போகும். அவன் பெண்டாட்டி திறப்பாள். திறந்து என்ன செய்வாள்?

நீ எனக்கு அந்தப் பெட்டியை அனுப்பப் பார்க்கிறாய். நான் வந்து இறங்கினால் ஹார்மோனியமும் உன் சேலையும் இருக்கும். அதைத் திறந்து நான் என்ன செய்வேன்?

எனக்குப் பாட்டு வேண்டாம். பேச்சு வேண்டாம். கழுத்தில் ஓட்டையோ காதில் ஓட்டையோ எனக்கு ஒன்றும் இல்லை. நான் கதவைத் தட்டும்போது யாராவது திறக்க வேண்டும். அது நீயாக இருக்க வேண்டும்.

உன்னைப் போக விட மாட்டேன். கோபித்துக்கொள். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்.

பர்னபாஸ்

*

மதராஸ், ஆஸ்பத்திரி
24 ஜூன் 1975

அத்தான்,

பென்சிலில்தான் எழுதுகிறேன், படுத்துக்கொண்டு பேனா பிடிக்க முடியவில்லை.

அறுத்துவிட்டார்கள். உங்கள் தந்திக்காக என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதுவும் ஒரு காரணம்தான். உண்மையான காரணம், மே மாதக் கடைசியில் ஒருநாள் மூச்சுத் திணறியது. சாகப் பயந்துவிட்டேன். இவ்வளவு வீரமாக உங்களுக்கு எழுதினேனே, மூச்சு அடைத்ததும் சிலுவையின் சட்டையைப் பிடித்து இழுத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று வாயசைத்தேன்.

கண் விழித்ததும் தாகம். நர்ஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தண்ணீர் என்று கூப்பிட்டேன். வாய் அசைந்தது, நாக்கு அசைந்தது. அவள் திரும்பவில்லை. கட்டில் கம்பியைத் தட்டினேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சாப்பாடு ஊற்றுகிறார்கள். கண்ணாடி கேட்டேன், இன்னும் கொடுக்கவில்லை. காற்றை விழுங்கி ஏப்பம் விடுவது போலச் சில பேர் பேசப் பழகுகிறார்களாம். பக்கத்து வார்டில் இருக்கும் ஒரு பெரியவர் அப்படி "காபி" என்றார். கேட்டுவிட்டுப் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்து நடக்கிறது. என் வகுப்பில் இசபெல்லா.

நீங்கள் வரும்போது கதவை நான்தான் திறப்பேன். அதற்குமேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பிளாரன்ஸ்

*

பம்பாய்
19 அக்டோபர் 1975

பிளாரன்ஸ்,

நான் பம்பாயில் இருக்கிறேன். நீ காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருடன் மாதிரி. வழியில் சிலுவை பார்த்து, "எங்கன போறீய அத்தான்?" என்றான். கடைக்கு என்றேன், கையில் பெட்டியோடு.

ஒருவழியாக மாற்று ஆள் கிடைத்து ஆகஸ்டில் நான் வந்தபோது நீ கதவைத் திறந்தாய். நான் லாகோசிலிருந்து எழுதியதெல்லாம் சத்தியம் என்று அந்த நிமிஷம் கூட நினைத்தேன். கழுத்துத் துணி மாற்றிக்கொடுத்தேன், கஞ்சி வைத்தேன். ஆனால் அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் எனக்கு மூச்சு முட்டியது. முன்னெல்லாம் நீ குசினியில் பாத்திரம் கழுவினால் கூடப் பாட்டு வரும். இப்போது பாத்திரச் சத்தம் மட்டும் வருகிறது. கப்பலில் எஞ்சின் நின்றுபோனால் எல்லோரும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவோம். வீட்டில் தினமும் அப்படி எழுந்தேன்.

நான் கிளம்பினதற்கு முந்தின சாயங்காலம் நீ குசினி வாசலில் நின்று கூப்பிட்டாய். ஒரு சத்தம் வந்தது. தவளை மாதிரி, தொண்டையில் ஏதோ உடைகிற மாதிரி. நான் திடுக்கிட்டு எழுந்ததில் மடியில் வைத்திருந்த கடலைத் தட்டு கீழே விழுந்தது. சாப்பிடக் கூப்பிட்டாய் என்று பிறகுதான் புரிந்தது. அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அன்றைக்கு இரவு முழுக்க வெளியே வரவில்லை.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் முன்னால் எப்படி நிற்பேன்? அதனால்தான். இங்கே கப்பல் ஆபீசில் பெயர் கொடுத்திருக்கிறேன்.

என்னை மன்னிக்காதே.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
2 நவம்பர் 1975

அத்தான்,

நான் சொன்னது சாப்பாட்டைப் பற்றி அல்ல. "வாங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒவ்வொரு தடவையும் கப்பலிலிருந்து வந்து நிற்கும்போது நான் சொல்லும் சொல். ஆகஸ்டில் கதவைத் திறந்தபோது சொல்ல முடியவில்லை. அதனால் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடியில் போய்க் காற்றை விழுங்கி விழுங்கிப் பழகினேன். வயிறு உப்பி வாந்தி வரும். அப்படிப் பழகின ஒரே ஒரு சொல்லை உங்களுக்குத்தான் முதலில் சொன்னேன். நீங்கள் தட்டைப் போட்டீர்கள்.

வீட்டில் சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வந்த நாளிலிருந்து என்னோடு பேசினீர்களா? எது வேண்டுமானாலும் கையை ஆட்டினீர்கள். நான் எழுதிக் காட்டும் சிலேட்டை வாங்கி நீங்களும் அதில் எழுதிக் காட்டினீர்கள். எனக்குக் குரல்தான் போனது, காது போகவில்லை. வாசலில் சிலுவையோடு வாய் ஓயாமல் பேசுவீர்கள். நான் வந்து நின்றால் செத்த வீட்டில் நிற்பது போல நிறுத்திவிடுவீர்கள். உள்ளே அடுப்படியில் நான் அந்தப் பேச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது உங்களுக்குத் தெரியுமா? வீட்டை ஊமையாக்கியது என் கழுத்து இல்லை. நீங்கள்.

நீங்கள் போன மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவை நகல் எடுங்கள் என்றார் மதர். தலையாட்டிவிட்டு இரண்டாம் வகுப்புக்குள் போய் நின்றேன். என் கழுத்துத் துணியைப் பார்த்து ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. மற்றவர்கள் பெஞ்சுக்கடியில் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, துணியை அவிழ்த்துவிட்டேன். எல்லோரையும் வரிசையாக வந்து பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். வந்து பார்த்தார்கள். ஒருத்தி விரலை நீட்டிக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், குளிச்சா இதுக்குள்ள மீன் போயிருமா?" நான் சிரித்தேன். சத்தம் வரவில்லை என்றாலும் சிரிப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

இசபெல்லா வகுப்பை என்னிடமே விட்டுவிட்டாள், இப்போது கரும்பலகையும் கைத்தட்டும் அடிஸ்கேலும் வைத்துப் பாடம் நடத்துகிறேன். தேவைப்பட்டால் அந்தத் தவளைச் சத்தமும் போடுகிறேன். மைதானத்தில் அவர்கள் அதே மாதிரி கத்தி விளையாடுகிறார்கள். எனக்குத் தவளை டீச்சர் என்று பெயர். வீட்டுக்கு வந்து ஒருநாள் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் யாரும் தட்டைக் கீழே போடவில்லை.

பெற்றோர்கள் மதரிடம் குறை சொல்கிறார்கள். அரைப்பரீட்சை வரை பார்க்கலாம் என்கிறார். கோயிலில் இசபெல்லாவைப் பாட வைக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். அவளை அதட்ட முடியாது, விலாவில் இடிக்கிறேன். "பாட முடியாதவ என்னத்தச் சொல்லிக்குடுக்கப் போறா" என்று என் காதுபடவே சொன்னார்கள். என் காதும் போய்விட்டது என்று அவர்களுக்கும் நினைப்பு.

உங்களிடம் அதை இன்னொரு தடவை வாயால் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எழுதிவிடுகிறேன். வாங்க.

பிளாரன்ஸ்

*

பம்பாய்
14 நவம்பர் 1975

ஏளா பிளாரன்ஸ்,

உன் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. நேற்றைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு வருஷம். படித்ததும் ஆபீசுக்கு ஓடினேன். என் மாலுமிப் பதிவுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது விலகினால் இனி எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஏற்ற வேண்டாம் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கடலை விட்டால் எனக்கு ஒரு வேலையும் தெரியாது. நான் கோழை, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்குக் கப்பல் கிளம்புகிறது.

"வாங்க" என்றா சொன்னாய்? அதை இப்போது காதில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஆமாம், அதுதான்.

சரி, பேசுகிறேன். கேள். நான் தங்கியிருப்பது மூன்றாவது மாடி. கீழே ஒருத்தன் கரும்புச் சாறு பிழிகிறான். அவன் எந்திரத்தில் சலங்கை கட்டியிருக்கிறான், சுற்றும்போதெல்லாம் தேர் வருகிற மாதிரி இருக்கிறது. என் அறையில் கூட இருப்பவன் கோவாக்காரன், தூக்கத்தில் பெண்டாட்டியோடு சண்டை போடுகிறான், தினமும் தோற்கிறான். இன்றைக்குச் சாப்பிட்ட மீன் குழம்பில் புளியும் இல்லை, மீனும் இல்லை. மத்தியானம் மழை மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யாமல் போய்விட்டது. இப்படித்தான் பேச வேண்டுமா? எனக்கு வேறு பேச்சு வராது.

ஒருநாள் நீ தூங்கும்போது உன் கழுத்தில் அந்தத் துவாரத்துப் பக்கத்தில் முத்தம் கொடுக்கலாம் என்று குனிந்தேன். சூடாகக் காற்று வந்து என் முகத்தில் பட்டது. உன் மூச்சு. எழுந்துவிடுவாயோ என்று பயந்து விலகிவிட்டேன். கொடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எழுதுவேன்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
28 டிசம்பர் 1975

அத்தான்,

நீங்கள் கோழைதான். நானும் மூச்சு முட்டியபோது கோழையாகத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

மதராசுக்குப் போய் வந்தேன். இப்போதைக்கு ஒன்றும் இல்லையாம், சித்திரையில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களா, தாளைப் பார்த்துச் சொன்னார்களா என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் பூசையில் இசபெல்லா பாடினாள். நான் ஹார்மோனியத்தில் இருந்தேன். முதல் பாட்டில் நடுங்கினாள், என் முழங்கை அவள் விலாவில் இருந்தது. இரண்டாவது பாட்டில் என் கையைத் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் தேவைப்படவில்லை. நன்றாகப் பாடினாள், அத்தான். நான் பாடின மாதிரி இல்லை, வேறு மாதிரி. எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தது. அழுகை வந்தால் கழுத்துத் துணி நனைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அரைப்பரீட்சையில் என் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். இருந்தாலும் ஜனவரியிலிருந்து நான் வர வேண்டாம் என்று மதர் சொல்லிவிட்டார். "வாசிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு வாய்விட்டுச் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்லா, பிளாரன்ஸ்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். நான் காலைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாமோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தோன்றியது. கோயிலில் ஹார்மோனியம் மட்டும் என் கையில் இருக்கிறது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் மணி அடிக்கும், அது நம் வீடு வரை கேட்கும். அப்போது நான் எழுந்து எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற எதைக் கேட்டாலும் சமாளித்துவிடுவேன். அந்த மணியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை முதலில் நான் படிக்கவில்லை. சிலுவையிடம் கொடுத்தேன். "யக்கா, புருசன் பொண்டாட்டிக்கு எழுதுனத நான் எப்பிடிப் படிக்க?" என்று கூச்சப்பட்டான். "சத்தமா" என்றேன், என் தவளைக் குரலில். அவன் திடுக்கிடவில்லை. நாற்காலியை நடுவீட்டில் போட்டு உட்கார்ந்து, துறைமுகத்தில் கத்துகிற தொண்டையில் வாசித்தான். கரும்புச் சாறுக்காரன் வந்தான், கோவாக்காரன் வந்தான், பெய்யாத மழை வந்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். மீன் குழம்பு வந்த இடத்தில் சிரித்தேன். முத்தம் வந்த இடத்தில் அவன் நிறுத்திவிட்டுத் தாளை மடித்து அடுப்படி மேடையில் வைத்தான். அதை நானே படித்துக்கொண்டேன்.

அந்த மாதிரி விஷயங்களை இனித் தனித்தாளில் எழுதுங்கள். மற்றதையெல்லாம் நீளமாக எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள், கடல் எந்த நிறத்தில் இருந்தது, எதுவானாலும் சரி. அடுத்த கடிதம் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை சிலுவை வாசிக்க வருவான். வீடு காது கொடுத்துக்கொண்டு இருக்கிறது.

பேசுங்கள்.

பிளாரன்ஸ்